வல்லெட்டாவில் ஒரு பகல்: கப்பல்காரர் விற்கும் டூர் வேண்டாம், லிஃப்ட்டும் படகும் போதும்

ஏழு நாள் மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்தில் நாலாவது நாள் மால்டா. காலை எட்டு மணிக்குக் கப்பல் வல்லெட்டா துறைமுகத்தில் கட்டும், மாலை நாலரைக்குள் எல்லாரும் திரும்பி ஏறிவிட வேண்டும், ஐந்துக்குக் கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று இரண்டு நாளாகக் கப்பலுக்குள்ளேயே விவாதம். நாத்தனாரும் அவர் கணவரும் கப்பலிலேயே விற்ற டூரை வாங்கிக்கொண்டார்கள், ஆளுக்கு ஏறக்குறைய 80 யூரோ. நானும் என் கணவரும் அம்மாவும் (வயது எழுபத்திரண்டு, வலது முழங்காலில் வலி) சொந்தமாகப் போனோம். மூன்று பேருக்கும் சேர்த்து, ஏமாந்த ஒரு சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டால், அவர்கள் ஒருவருக்குக் கொடுத்த காசை நாங்கள் தாண்டவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன், அடுத்து போகிறவர்களுக்காவது பயன்படட்டும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த ஊரில் கப்பல் நிற்கும் இடமும் ஊரும் ஒன்றுதான். ரோமுக்குப் போகிறோம் என்று சொல்லி சிவிட்டாவெக்கியாவில் இறக்கிவிட்டு அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ரயில் ஏறச் சொல்வார்களே, அந்தக் கதை இங்கே கிடையாது. கப்பலை விட்டு இறங்கினால் அப்போது தீவை ஆண்ட செயின்ட் ஜான் வீரத்துறவிகளின் (போர் வீரர்களாகவும் இருந்த கிறிஸ்தவத் துறவிகள்) தலைவர் பிண்டோ காலத்தில், 1750களில் கட்டிய சரக்குக் கிடங்குகள் வரிசையாக நிற்கின்றன, கதவுகளுக்கு நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம். ஒவ்வொரு வண்ணமும் உள்ளே இருந்த சரக்கைச் சொல்லுமாம், நீலம் என்றால் மீன், சிவப்பு என்றால் ஒயின். இப்போது எல்லாம் உணவகங்கள். நாங்கள் நிற்கவில்லை. டாக்ஸிக்காரர்களும் குதிரை வண்டிக்காரர்களும் "நடக்க முடியாது, ரொம்ப ஏற்றம்" என்று பயமுறுத்துவார்கள். சிரித்துவிட்டு, தண்ணீரை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கரையோரமாகவே நடங்கள். அம்மாவின் வேகத்தில் கால் மணி நேரம்.

ஏற்றம் என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை, ஊர் பாறை மேல் கோட்டை மதிலுக்கு உள்ளே இருக்கிறது. ஆனால் மதிலை ஒட்டி ஒரு லிஃப்ட் போட்டிருக்கிறார்கள், 2012 டிசம்பரில் திறந்தது, 58 மீட்டர் உயரம். மேலே போக ஒரு யூரோ, கீழே வரக் காசில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தால் மேல் பராக்கா தோட்டம். முழங்கால் வலிக்காரர்கள் இந்த லிஃப்ட்டுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஒரே ஒரு குறை, இரண்டு கப்பல் ஒன்றாக வந்த நாளில் பத்து மணிக்கு மேல் போனால் வரிசை நீளும். நாங்கள் ஒன்பதுக்கு முன்னாலேயே மேலே போய்விட்டோம், தோட்டத்தில் பூனைகளும் எங்களைப் போல ஏழெட்டுப் பேரும்தான்.

அந்தத் தோட்டத்து விளிம்பில் நின்று பார்த்தால் பெரிய துறைமுகம் முழுவதும் காலடியில். அங்கே அதன் பெயரே 'போர்ட் இல்-க்பீர்'. கபீர் என்றால் பெரிய என்று நம் ஊரில் அரபி ஓதியவர்கள் யாரும் சொல்லிவிடுவார்கள். மால்டா மொழி அரபியின் வழியில் வந்தது, எழுதுவது ரோமன் எழுத்தில், பாதிச் சொற்கள் இத்தாலியன் போலக் கேட்கும், தேவாலயத்தில் கடவுளை 'அல்லா' என்றுதான் அழைக்கிறார்கள். அம்மாவுக்கு இதை விளக்கி முடிக்க எனக்கு ஒரு காபி நேரம் பிடித்தது. ஆங்கிலம் எல்லாருக்கும் தெரியும், 1964 வரை பிரிட்டிஷ்காரர்கள் ஆட்சி, வண்டிகள் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. சாலையைக் கடக்கும்போது அம்மா சரியான பக்கம் பார்த்த ஒரே ஐரோப்பிய ஊர் இதுதான்.

எதிர்க்கரையில் நாக்கு நீட்டியதுபோல மூன்று ஊர்கள், அதில் ஒன்றின் முனையில் சாந்த் ஆஞ்சலோ கோட்டை. 1565இல் துருக்கியப் படை இந்தத் தீவை முற்றுகை போட்டபோது செயின்ட் ஜான் வீரத்துறவிகள் அங்கிருந்துதான் தாக்குப்பிடித்தார்கள். முற்றுகை விலகிய மறு வருடமே, 1566இல், எதிரே வெறும் பாறையாகக் கிடந்த இந்த மேட்டில் புது ஊருக்குக் கல் நாட்டினார் தலைவர் லா வலெட். அவர் பெயர்தான் ஊருக்கு. கோடு போட்டதுபோல நேர் நேரான தெருக்கள், எந்தத் தெரு முனையில் நின்றாலும் கடைசியில் ஒரு துண்டு கடல் தெரியும், அதனால் வழி தவறவே முடியாது. மொத்த ஊரும் ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைவு. தெருக்களில் கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, மழை பெய்தால் நிச்சயம் வழுக்கும், நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

அடுத்து செயின்ட் ஜான் பேராலயம். டிக்கெட் 15 யூரோ, காதில் மாட்டும் ஒலி வழிகாட்டியும் சேர்த்து. வெளியே பார்த்தால் சரக்கு குடோன் மாதிரி இருக்கும், "இதற்கா பதினைந்து?" என்று என் கணவர் கேட்டார். உள்ளே நுழைந்த பிறகு பேசவில்லை. சுவர், தூண், வளைவு, ஒரு சாண் இடம் விடாமல் செதுக்கிப் பொன் பூசியிருக்கிறார்கள். கூரை முழுக்க மத்தியா ப்ரெத்தி 1660களில் கல் மேலேயே நேராக எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. தரையில் ஏறக்குறைய 400 கல்லறைப் பலகைகள், வண்ண வண்ணப் பளிங்கை வெட்டிப் பதித்து எலும்புக்கூடுகள், மண்டை ஓடுகள், மணற்கடிகாரங்கள். இறந்தவர்கள் மேல் நடப்பதா என்று அம்மா ஓரமாகவே நடந்தார், அங்கேயும் கல்லறைதான். குச்சிக் குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை, தோள் மூடியிருக்க வேண்டும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாக்காரர்களை உள்ளே விடுவதில்லை. உங்கள் கப்பல் ஞாயிறன்று வல்லெட்டாவுக்கு வருகிறது என்றால் இதைத் தெரிந்துகொண்டே டிக்கெட் போடுங்கள்.

பதினைந்து யூரோவில் பத்து யூரோ அந்தப் பக்கத்து அறையில் தொங்கும் ஒரே ஒரு ஓவியத்துக்கு. கரவாஜ்ஜோ 1608இல் வரைந்த யோவானின் சிரச்சேதம். அகலம் மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல், அதில் பாதி வெறும் இருட்டும் சுவரும். இடது மூலையில்தான் எல்லாம் நடக்கிறது. வாள் வேலையை முடிக்கவில்லை, வெட்டியவன் முதுகுப்பக்கம் செருகிய குறுவாளை எடுக்கக் கையை விடுகிறான், ஒரு பெண் தட்டை நீட்டிக் காத்திருக்கிறாள், ஒரு கிழவி மட்டும் தலையில் கைவைத்து நிற்கிறாள். வலப்பக்கம் சிறைக் கம்பிக்குப் பின்னால் இரண்டு பேர் எட்டிப் பார்க்கிறார்கள், நாம் பார்ப்பதைப் போலவே. கழுத்திலிருந்து வழியும் ரத்தத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறார், அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இது. ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடி வந்தவர், இங்கே வீரத்துறவிப் பட்டமும் வாங்கினார், சில வாரங்களில் மறுபடி ஒரு சண்டை, கோட்டையில் அடைத்தார்கள், அங்கிருந்தும் தப்பி சிசிலிக்குப் போய்விட்டார். அந்த வருடம் டிசம்பர் முதல் தேதி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள். எந்த அறையில் தெரியுமா, இந்த ஓவியம் தொங்கும் இதே அறையில்.

நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோது நாத்தனாரின் டூர் கூட்டம் உள்ளே வந்தது. நெஞ்சில் நீல ஸ்டிக்கர், முன்னால் கம்பு தூக்கிய வழிகாட்டி. இந்த அறையில் அவர்கள் நின்றது ஐந்து நிமிடம் இருக்கும். மொத்த ஆலயத்துக்கும் முப்பத்தைந்து நிமிடம்தான் என்று நாத்தனார் இரவு சாப்பாட்டின்போது பொருமினார். காலையில் பேருந்து நிரம்பக் காத்திருந்ததில் முக்கால் மணி நேரம் போனதாம், நடுவில் ஒரு வெள்ளி நகைக்கடையில் அரை மணி நேரம். அவர்களுக்கும் நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த டூரில் பழைய தலைநகரான எம்தினாவும் சேர்த்தி, அதை நாங்கள் பார்க்கவில்லை. எம்தினா பார்த்தே ஆக வேண்டும் என்றால் வாங்குங்கள். வல்லெட்டாவை மட்டும் பார்க்க டூர் வாங்குவது, பக்கத்துத் தெருவுக்கு ஆட்டோ பிடிப்பது.

பசி. 1837இல் தொடங்கிய கஃபே கொர்டீனாவின் மேசைகள் ரிபப்ளிக் தெருவில் சதுக்கம் முழுக்கப் பரவியிருக்கின்றன. கூரை ஓவியங்கள் அழகுதான், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம், இடம் இல்லை. குறுக்குத் தெருவில் ஒரு சின்னக் கடையில் பஸ்திட்ஸி வாங்கினோம். ஏடு ஏடாகப் பிரியும் மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடை ஒன்று, மசித்த பட்டாணி ஒன்று. ஒன்று ஒரு யூரோகூட இல்லை. பட்டாணியில் கறிப்பொடி வாசனை வரும், கண்ணை மூடிக்கொண்டு கடித்தால் நம் டீக்கடைச் சமோசாவின் தூரத்துச் சித்தப்பா. அம்மா சுத்த சைவம் என்பதால் மாவில் என்ன கொழுப்பு என்று கேட்டேன். கடையில் நின்ற பையன் திருச்சூர்க்காரன்! "ஆண்ட்டி, பழைய முறையில் பன்றிக் கொழுப்பு போடுவாங்க, நம்ம கடையில் மார்ஜரின்தான்" என்று தமிழும் மலையாளமும் கலந்து சொன்னான். எனவே சைவர்கள் கேட்டுவிட்டு வாங்கவும். அம்மா மூன்று சாப்பிட்டார். கின்னி என்று ஒரு கசப்பு ஆரஞ்சு சோடா, 1952 முதல் இந்த ஊர்க்காரர்களின் பெருமை. என் கணவருக்குப் பிடித்தது. எனக்குக் கஷாயத்தில் சர்க்கரை போட்டதுபோல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி தோட்டம், கீழ்த்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள், நண்பகலுக்கு ஒன்று, மாலை நாலுக்கு ஒன்று. மேலிருந்து பார்க்கக் காசு வேண்டாம். பத்து நிமிடம் முன்னால் போய்க் கம்பி ஓரம் இடம் பிடியுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவர் செல்ஃபோனைத்தான் பார்ப்பீர்கள். சத்தம் பலம், குழந்தை இருந்தால் காதைப் பொத்துங்கள்.

இனி அன்றைய பகலின் நல்ல பகுதி. லிஃப்டில் இறங்கிச் சாலையைத் தாண்டினால் படகுத்துறை, அங்கே டைசா என்ற மரப்படகுகள் நிற்கும். இரண்டு பக்கமும் மூக்கு உயர்ந்து, பளிச்சென்ற வண்ணத்தில், ஒரு காலத்தில் துடுப்பு, இப்போது சின்ன எஞ்சின். நாங்கள் போனபோது எதிர்க்கரைக்கு ஆளுக்கு இரண்டு யூரோ. பெரிய ஃபெர்ரியும் உண்டு, ஆனால் டைசாவில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில். ஐந்தாறு பேர்தான் ஏறினோம். படகுக்காரர் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கி நடுப்பலகையில் உட்காரவைத்தார். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் அந்த மதில்கள் எவ்வளவு உயரம், துருக்கியக் கப்பல்காரனுக்கு எப்படி வயிற்றைக் கலக்கியிருக்கும் என்று தெரிகிறது. தேன் நிறக் கல், வெயில் ஏற ஏற நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. கரவாஜ்ஜோவை அடைத்த சாந்த் ஆஞ்சலோவுக்கு அடியிலேயே படகு போகிறது. காலையில் பார்த்த ஓவியத்துக்கும் இந்தக் கோட்டைக்கும் நடுவில் இந்த ஒரு துண்டுத் தண்ணீர்தான்.

அந்த மூன்று ஊர்களுக்குப் பின்னால் மேட்டில் இன்னொரு அரண் உண்டு, வெர்தாலா. அம்மாவிடம் அதைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மன் கப்பல் எம்டன், அதே நவம்பரில் கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பலிடம் அடிபட்டு முடிந்தது. பிழைத்த கேப்டன் ஃபான் முல்லரையும் மாலுமிகளையும் கைதிகளாகக் கொண்டுவந்து வைத்தது இங்கேதான், அந்த வெர்தாலாவில். 1916இல் அவரை மட்டும் இங்கிலாந்துக்கு மாற்றினார்கள். "அவன் சரியான எம்டன்" என்று என் தாத்தா பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. அதற்குமேல் அவருக்கு லா வலெட்டும் கரவாஜ்ஜோவும் பொருட்டே இல்லை.

படகு எங்களை இறக்கிவிட்ட பிர்கு ஊர்ச் சந்துகள் வல்லெட்டாவைவிட அமைதி, ஜன்னல் ஓரம் ஜெரேனியம், வாசலில் நாற்காலி போட்ட பாட்டிகள். முக்கால் மணி நேரம் சுற்றினோம். அங்கே படகுகள் கட்டும் கரையோரம் ஓர் உணவகத்தில் உட்கார்ந்தது மட்டும் தப்பு. மூன்று பாஸ்தா, ஒரு தண்ணீர் பாட்டில், முக்கால் மணி நேரக் காத்திருப்பு, வந்த பாஸ்தா ஆறிப்போய். பில்லில் கேட்காத ரொட்டிக்கும் காசு. பெயர் சொல்லப் போவதில்லை, வெளியே படம் போட்ட மெனு அட்டையை நீட்டிக் கூப்பிடும் எந்தக் கடைக்கும் போகாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். பஸ்திட்ஸியை இன்னும் நாலு வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம்.

திரும்பும் படகு பிடித்து மூன்றரைக்குள் கப்பலுக்கு வந்துவிட்டோம். கடைசி அரை மணி நேரத்துக்கு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், பாதுகாப்புச் சோதனை வரிசை சாலைவரை நின்றது. லிஃப்ட்டுக்கும் படகுக்கும் ஐந்துக்கு ஐந்து, பேராலயத்துக்கு நாலரை (வரிசையில் நிழல் இல்லை, அரை மதிப்பெண் அதற்கு).

கிளம்பும்போது மேல்தளத்தில் இடப்பக்கம் நில்லுங்கள், வல்லெட்டா முழுக்க அந்தப் பக்கம்தான் நகர்ந்து போகும். நாங்கள் அங்கேதான் நின்றோம், அம்மாவைத் தவிர. அவர் எதிர்ப்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எம்டனை வைத்திருந்தது அந்த மேடுதானே?" என்று கையை நீட்டினார். எனக்கும் சரியாக அடையாளம் தெரியவில்லை, ஆமாம் என்று சொல்லி ஃபோட்டோ எடுத்துக் கொடுத்தேன்.