டெக்சாஸ் கம்யூனிட்டி காலேஜில் ஆசிரியர் படிப்பு: முடித்தவள் சொல்வது

முதலில் ஒன்று. கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டாண்டுக் கல்லூரியில் கிடைப்பது, ஏ.ஏ.டி. எனப்படும் 60 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) 'அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங்' பட்டம். அதை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கப்பள்ளி ஆசிரியர் சான்றிதழ் வாங்க முடியாது. அதற்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். இது பாதி வழிதான்; மீதியைப் பல்கலைக்கழகத்துக்கு மாறி முடிக்க வேண்டும். வகுப்பு உதவியாளர் வேலைக்குப் போகலாம், ஆனால் அந்தச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. ஊரிலேயே பி.ஏ., பி.எஸ்ஸி. முடித்தவர்கள் இதில் சேர வேண்டாம். மதிப்பெண் பட்டியலை இங்கே மதிப்பீடு செய்து வாங்கிக்கொண்டு, பட்டதாரிகளுக்கான மாற்றுவழிச் சான்றிதழ் திட்டத்தில் சேர்வதே சீக்கிரம். நான் கல்லூரியைப் பாதியில் விட்டுக் கல்யாணமாகி வந்தவள். எனக்கு இதுதான் சரிப்பட்டது.

கட்டணம் மூன்று தரம்: கல்லூரி மாவட்டத்துக்குள் (அந்தக் கல்லூரிக்கு வரி கட்டும் பகுதிக்குள்) இருப்பவர், மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர், வெளிமாநிலத்தவர். வீடு பார்க்கும்போதே இதைக் கவனியுங்கள். கிரீன் கார்டு இல்லாத எச்-4 காரர்களுக்கு (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைவருக்கான விசாவில் வந்தவர்களுக்கு) அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது.

60 கிரெடிட்டில் 42 பொதுப்பாடங்களுக்கே போய்விடும். அமெரிக்க வரலாறு இரண்டு, அரசியல் இரண்டு, அதில் 1876-ஆம் ஆண்டு டெக்சாஸ் சாசனமும் உண்டு. (ஐந்நூறு திருத்தங்களுக்கு மேல் கண்ட சாசனம்; படிப்பவருக்குப் பொறுமை வேண்டும்.) புத்தகச் செலவு பயமுறுத்தும். வரலாறு, அரசியல் இரண்டுக்கும் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகங்கள் இலவசம்.

மனதில் நின்றது ஆசிரியர்களுக்கான கணக்குப் பாடம். பின்னத்தை வகுக்கச் சொன்னால் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வோம். ஏன் தலைகீழாக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டச் சொன்னார் பேராசிரியர். வகுப்பே திருதிருவென்று விழித்தது. பிறகு ஐந்தடிமானம், அதாவது பத்துப் பத்தாக இல்லாமல் ஐந்து ஐந்தாக எண்ணும் முறை: அதில் மூன்றும் நான்கும் கூட்டினால் 12 (ஓர் ஐந்து, மீதி இரண்டு). இலக்கம் மாற்றிக் கூட்டத் தெரியாமல் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படும் பாடு புரிந்தது.

இரண்டு கல்வியியல் பாடங்களிலும் தலா 16 மணி நேரமாவது பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். அதற்கு முன் குற்றப் பின்னணிச் சோதனை நடக்கும். நான் கவனித்த வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளை ஒன்று, சத்தம் கூடினால் தானாக எழுந்துபோய் ஹெட்போன் மாட்டிக்கொள்ளும். மற்ற பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை ஆசிரியர் எப்படி உண்டாக்கினார் என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. ஆசிரியர் வேலை நமக்கு ஒத்துவருமா என்பதும் இந்த மணி நேரங்களிலேயே தெரிந்துவிடும். என்னோடு படித்த சிலர் இதன் பிறகு வேறு படிப்புக்கு மாறினார்கள், நல்ல முடிவுதான்.

குறை என்றால் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று சொல்லும் கல்லூரி ஆலோசகர்கள்தான். ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் பேச்சைக் கேட்டு எடுத்த உளவியல் பாடத்தை, பிறகு நான் மாறிப்போன பல்கலைக்கழகம் கிரெடிட்டாக ஏற்றுக்கொண்டது, ஆனால் பட்டக் கணக்கில் சேர்க்கவில்லை. பணம் போனது போனதுதான். 42 கிரெடிட் பொதுப்பாடங்களை முடித்திருந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதை மொத்தமாக ஏற்றாக வேண்டும். மற்றவற்றுக்கு அந்த உறுதி இல்லை. அதனால் சேருமுன்பே, அடுத்து போகப்போகும் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தை வாங்கி வையுங்கள். பாடத்தைப் பாதியில் கைவிடுவதிலும் கணக்கு உண்டு: மாநிலச் சட்டப்படி மொத்தம் ஆறு முறைதான்.