புது ஓஎஸ் போட்டாச்சு, திரையின் நிறத்தை எங்கே சரிசெய்வது: மானிட்டரிலா, ப்ரொஃபைலிலா, மீட்டரிலா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால், பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸும், அதன் மேல் ஓடும் டெஸ்க்டாப் சூழலான கேடிஇ பிளாஸ்மா 6-உம் போட்டேன். பாதியில் நிறுத்தியிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால், அரக்குப் பின்னணி பலமுறை துவைத்த துணி மாதிரி வெளிறிக் கிடந்தது. மணப்பெண்ணின் கூந்தல் கறுப்பாக இல்லை, சாம்பல் பூத்திருந்தது.

இந்த இடத்தில்தான் பலர் உடனே காலிபரேஷனில், அதாவது திரையின் நிறத்தை அளந்து திருத்தும் வேலையில், இறங்கிவிடுகிறார்கள். வேண்டாம். ஹெச்டிஎம்ஐ கேபிள் என்றால் முதலில் ஆர்ஜிபி ரேஞ்சை, அதாவது கணினி திரைக்கு அனுப்பும் நிற எண்களின் எல்லையை, பாருங்கள். 1920x1080, 60 ஹெர்ட்ஸ் என்பது டிவிக்கும் உரிய அளவு என்பதால், சில டிரைவர்கள் டிவி முறைப்படி 16 முதல் 235 வரை மட்டுமே அனுப்பும். மானிட்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும். அதனால் 0-வாக வர வேண்டிய கறுப்பு 16-ஆக வந்து சாம்பலாகத் தெரியும். பிளாஸ்மாவில் டிஸ்ப்ளே அமைப்பிலேயே இதை 'ஃபுல்' என்று மாற்றலாம். மாற்றிய நொடியே கூந்தல் கறுத்தது. இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள், அது எரியும்போது எந்த நிறத்தையும் நம்ப முடியாது.

அதற்குப் பிறகும் வெள்ளையில் லேசாக நீலம் ஓடியது. இதைச் சரிசெய்ய மூன்று வழி. மானிட்டரின் சொந்த மெனுவில் கையால் திருத்துவது, மானிட்டர் நிறுவனம் தரும் ஐசிசி ப்ரொஃபைலை (மானிட்டர் நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று சொல்லும் கோப்பு) ஓஎஸ்ஸில் ஏற்றுவது, திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் வைத்து அளப்பது. நான் முதல் வழியில் நிற்கிறேன்.

துல்லியத்தில் மீட்டர்தான் மேல், அதில் வாதமே இல்லை. நண்பரிடம் ஒரு மாலை இரவல் வாங்கி டிஸ்ப்ளேகால் என்ற மென்பொருளை வைத்து அளந்தேன். அடர்ந்த சாம்பலில் மெல்லிய பச்சைச் சாயல் இருப்பதை அது காட்டியது, என் கண்ணுக்கு அது பிடிபட்டிருக்கவே இல்லை. ஆனால் பின்விளக்கு வயதாக ஆக நிறம் நகரும், திரும்பத் திரும்ப அளக்க வேண்டும், கருவிக்கோ பல ஆயிரம் ரூபாய். ஒரே ஒரு மானிட்டரில் ஒரே ஒரு முறை அளந்தவன் சொல்வது இது, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் ப்ரொஃபைல் அந்த மாடலுக்குப் பொதுவாகச் செய்தது. உங்கள் மேசையில் இருக்கும் பெட்டியை யாரும் அளக்கவில்லை. பிளாஸ்மா 6-இல் வேலேண்ட் (லினக்ஸ் திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) வழியாக ஓடும்போது ப்ரொஃபைல் மொத்தத் திரைக்கும் பொருந்துகிறது, அது நிஜமாகவே நல்ல முன்னேற்றம். அதற்கு முந்தைய முறையான எக்ஸ்11-இல் ஜிம்ப், கிருதா, டார்க்டேபிள் மாதிரி நிற மேலாண்மை தெரிந்த மென்பொருள்கள்தான் அதை முழுதாக மதிக்கும். ஒரே படம் ஜிம்பில் ஒரு மாதிரியும் பட உலாவியில் வேறு மாதிரியும் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: செய்த வேலை எவ்வளவு நாள் நிற்கும்? ப்ரொஃபைல் ஓஎஸ்ஸுக்குள் இருக்கிறது. புதிதாக நிறுவினால் போச்சு, மறுபடி தேடி ஏற்ற வேண்டும், இரண்டு ஓஎஸ் வைத்திருந்தால் இரண்டிலும். ப்ரொஃபைலின் ஒரு பகுதி கிராபிக்ஸ் கார்டின் காமா அட்டவணைக்கு (வெளிச்ச அளவுகளைத் திருத்தும் பட்டியல்) போகும், அதை ஒரு விளையாட்டோ வேறு கருவியோ சத்தமில்லாமல் அழித்துவிடலாம். இன்னொன்று, ப்ரொஃபைல் எடுத்தபோது மானிட்டர் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கு மட்டும்தான் அது சரி. வீட்டில் யாராவது பிரைட்னஸையோ பிக்சர் மோடையோ மாற்றினால் மீட்டரின் உழைப்பும் வீண். மானிட்டர் மெனுவில் வைத்த எண்களோ மானிட்டரிலேயே கிடக்கும். அப்புறம் நான் இரண்டு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றினேன், டிரைவரும் ஒரு முறை மாறியது, வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. லாகின் திரையில்கூட அதே வெள்ளை.

செய்தது இவ்வளவுதான். திரையை அரை மணி நேரம் எரியவிட்டேன். ஈகோ மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட் இரண்டையும் அணைத்தேன். எஸ்ஆர்ஜிபி (சாதாரணத் திரைகளுக்கான பொது நிறத் தரம்) மோடு இருந்தது, ஆனால் அதில் பிரைட்னஸ் பூட்டிக்கொண்டது, அதனால் யூசர் மோடுக்குப் போனேன். நடுத்தர நிறங்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமாவை 2.2-இல் வைத்தேன். முன்பு நன்றாக அச்சாகி வந்த ஒரு பத்திரிகையைத் திரைக்குப் பக்கத்தில், கூல் டேலைட் டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நீலத்தை 50-இலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்தேன். 44-இல் அட்டையின் வெள்ளையும் திரையின் வெள்ளையும் சேர்ந்தன. பச்சை 48. சிவப்பைத் தொடவில்லை. எதையும் கூட்டக் கூடாது, கூட்டினால் வெளிச்சமான நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். பிறகு ஜிம்பில் 0 முதல் 20 வரை கறுப்புக் கட்டங்களும் 245 முதல் 255 வரை வெள்ளைக் கட்டங்களும் வரைந்து பார்த்தேன். கறுப்பில் 4-இலிருந்து பிரிந்து தெரிந்தது, வெள்ளையில் 253 வரை. கண்ணால் செய்யும் வேலைக்கு அது எனக்குப் போதும்.

பரந்த நிறவெளி உள்ள மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி போதாது. அங்கே சிவப்பும் பச்சையும் எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிப் போகும், நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் மஞ்சளும் குங்குமமும் கண்ணைப் பறிக்கும், மூன்று பொத்தானைக் குறைத்து அதைச் சரிசெய்ய முடியாது. அவர்கள் ப்ரொஃபைல் ஏற்றித்தான் ஆக வேண்டும். அதற்கும் முன்னால் மானிட்டரின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். என்னுடையது மானிட்டரின் முதுகில் ஒட்டியிருக்கிறது: சிவப்பு 50, பச்சை 48, நீலம் 44, பிரைட்னஸ் 32.