பனியன் கம்பெனிக்கு சிங்கிள் செல் வைஃபை: திருப்பூரில் மாட்டிப் பார்த்ததில்

திருப்பூர்ப் பக்கம் வைஃபை போட்டுத்தர வருகிறவர்கள் எல்லோரும் கவரேஜ் பற்றியேதான் பேசுகிறார்கள். எங்கள் யூனிட்டில் கவரேஜுக்குக் குறையே இல்லை. கட்டிங்கிலிருந்து லைன் லைனாகப் போய் பண்டில் ஸ்டிக்கரை ஸ்கேன் செய்கிற டேப்லெட்டுகள், செக்கிங் டேபிள் வரைக்கும் வந்த பிறகும் கட்டிங் மேலே தொங்கும் வைஃபை பெட்டியை (ஆக்சஸ் பாயிண்ட்) விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் தொந்தரவு. அதற்காகத்தான் சிங்கிள் செல் என்று சொல்லி விற்கிற இந்த செட்டை, அதாவது சீலிங்கில் மாட்டும் பெட்டிகளும் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கன்ட்ரோலரும், கோயமுத்தூர் டீலர் ஒருவரிடம் வாங்கினோம். குறையும் எழுதப் போவதால் பிராண்டுப் பெயர் வேண்டாம்.

ஒரு டேப்லெட் வைஃபையில் சேர்ந்ததும் பெட்டி அதற்கு 1 முதல் 2007-க்குள் ஓர் எண் கொடுக்கும். ஏஐடி என்பார்கள். நொடிக்குப் பத்து முறை போல பெட்டி எல்லாருக்கும் அனுப்பும் பீக்கன் என்ற சின்ன அறிவிப்பில் அந்த எண்ணுக்கு ஒரு பிட் இருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்கத் தூங்கும் டேப்லெட் நடுநடுவே விழித்து, தன் பிட் 1 என்று இருந்தால் தனக்கு வந்ததை வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடும். வைஃபை 6-இல் இந்த எண்ணுக்கு வேலை இன்னும் அதிகம், யார் எந்த அலைத்துண்டில் அனுப்பலாம் என்று பெட்டி சொல்வதே இதை வைத்துத்தான்.

சாதாரண செட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி முகவரி. அதனால் கட்டிங்கில் ஒரு 7, பேக்கிங்கில் ஒரு 7 இருந்தாலும் யாருக்கும் குழப்பம் வராது. சிங்கிள் செல்லில் எல்லாப் பெட்டிகளும் ஒரே முகவரியில், ஒரே சேனலில் பேசும். டேப்லெட்டின் கண்ணுக்கு மொத்த பில்டிங்கும் ஒரே பெட்டி, அது எங்கே நடந்து போனாலும் எந்தப் பெட்டி பதில் சொல்வது என்பதை கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். ஆனால் இங்கே பெட்டிகள் தங்கள் இஷ்டத்துக்கு எண் கொடுத்தால் இரண்டு டேப்லெட்டுக்கு ஒரே 7 போய்விடும், ஆகவே எண்ணை கன்ட்ரோலர் ஒன்றுதான் கொடுக்க வேண்டும். புது யோசனை எல்லாம் இல்லை, மெரு என்ற அமெரிக்கக் கம்பெனி இதை வெர்ச்சுவல் செல் என்ற பெயரில் பல வருஷம் விற்றது, 2015-இல் அதை ஃபோர்ட்டிநெட் வாங்கிவிட்டது. நாங்கள் போட்டது அவர்களுடையதல்ல.

ஓடுகிற நாளில் அருமையாக ஓடுகிறது. லைன் மாறும்போது ஸ்கேன் விட்டுப்போவது அடியோடு நின்றுவிட்டது. தகரக் கூரை, இரும்பு ரேக், ஆளுயரத்துக்குத் துணிக் கட்டு, இத்தனைக்கும் நடுவில் இது சாதாரண விஷயமில்லை.

கரண்ட் போய் வந்த பிறகுதான் ஆட்டம் காட்டியது. பெட்டிகள் யுபிஎஸ்-ஸில் இருக்கின்றன, கன்ட்ரோலரை மட்டும் மாட்ட வந்தவர்கள் ஆபீஸ் ரூமில் சும்மா ஒரு பிளக்கில் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது அணைந்து எழுந்ததும் எண்களை மறுபடி 1-இலிருந்து கொடுக்க ஆரம்பித்தது, பழைய எண்ணோடு தூங்கிக்கொண்டிருந்த டேப்லெட்டுகளுக்கோ இது எதுவும் தெரியாது. "தம்பி, சிக்னல் முழுசா காட்டுதுங்க, ஸ்கேன் மட்டும் ஏற மாட்டேங்குது" என்று செக்கிங் அக்கா வந்து நின்றார். வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும், கொஞ்ச நேரத்தில் இன்னொரு டேப்லெட் படுக்கும். டீலர் போனில் "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார், ரீஸ்டார்ட்டால்தானே வினையே. அப்புறம் நேரில் வந்த சர்வீஸ் பையன்தான் லாகை எடுத்துப் பார்த்து, ஒரே எண் இரண்டு டேப்லெட்டுக்குப் போயிருப்பதைக் கண்டுபிடித்தான். ஃபர்ம்வேரை, அதாவது கன்ட்ரோலருக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேரை, மாற்றினான். இப்போது கன்ட்ரோலர் எழுந்ததும் முதலில் எல்லாரையும் கழற்றிவிட்டு, புதிதாகச் சேர்த்துக்கொண்டு எண் கொடுக்கிறது. விஷயம் தெரிந்த பையன், அவனுக்காகவே டீலருக்கு ஒரு ஸ்டார் கூடக் கொடுக்கலாம்.

செல்போன் டவரிலும் இதே மாதிரி 16 பிட்டில் ஒரு தற்காலிக எண் உண்டு. அங்கே அடுத்த டவருக்கு மாறும்போதே அந்த டவர் தரும் புது எண்ணைப் போனுக்குச் சொல்லிவிடுவார்கள், அதனால் இந்தக் கூத்து இல்லை.

இன்னொன்று. கன்ட்ரோலரில் அனுமதிப் பட்டியல் போடுவதென்றால் டேப்லெட்டில் ரேண்டம் மேக் என்பதை (மேக் என்றால் டேப்லெட்டின் வைஃபை முகவரி) முதலில் அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து ஒவ்வொரு வைஃபைக்கும் தானாக ஒரு பொய் முகவரி போட்டுக்கொள்கிறது, டேப்லெட் ஸ்டிக்கரில் இருக்கும் முகவரியைப் பார்த்து ஏற்றினால் உள்ளேயே வராது.

யாருக்குச் சரிவரும் என்றால், ஆள் நடந்துகொண்டே வேலை செய்யும் இடத்துக்கு. மெர்ச்சண்டைசர்கள் உட்கார்ந்து வீடியோ கால் பேசும் ஆபீஸுக்கு வேண்டாம், எல்லாரும் ஒரே சேனலைப் பங்குபோட்டுக்கொண்டால் திணறும். எங்கள் ஆபீஸில் பழைய பெட்டியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். வாங்குகிறவர்கள் டெமோவின்போது பத்து டேப்லெட்டாவது சேர்த்துவிட்டு, டீலர் கண்ணெதிரே கன்ட்ரோலர் பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகிப் பாருங்கள், எல்லாம் தானாகத் திரும்பி வந்தால்தான் அட்வான்ஸ். ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் பேசும்போது ஃபர்ம்வேர் அப்டேட்டும் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள், எங்களுக்கு அதைத் தனிக் கணக்கில் பில் போட்டார்கள்.