புரோபேட் செலவு: பிள்ளைகளின் பணமா, அப்பாவின் பணமா?

அப்பா 2016-இல் இறந்தபோது கொழிஞ்சாம்பாறையில் ஒரு தென்னந்தோப்பும் சென்னையில் ஒரு சிறிய வீடும் இருந்தன. தோப்பு பாலக்காடு மாவட்டத்தில் இருந்ததால் அதற்குப் புரோபேட், அதாவது உயில் செல்லும் என்று நீதிமன்றம் தரும் சான்று, கட்டாயமில்லை. சென்னை வீட்டுக்கோ அன்றைய சட்டப்படி வாங்கியே தீர வேண்டும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அண்ணன் பெயருக்கு எழுதியிருந்தார் அப்பா. வக்கீல் கட்டணத்தையும் கோர்ட் கட்டணத்தையும் யார் தருவது என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

"மூன்று பேரும் சமமாகப் போட்டுவிடுவோம்" என்றார் அண்ணன். கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் உயிலில் தோப்பு அம்மாவுக்கு, வீடு அண்ணனுக்கும் எனக்கும், அக்காவுக்குப் பத்துப் பவுன் நகை மட்டும். வீட்டுக்காக நடக்கும் வழக்கில் மூன்றில் ஒரு பங்கை அக்கா ஏன் சுமக்க வேண்டும்? சமம் வேறு, நியாயம் வேறு என்று அன்று அண்ணனிடம் சண்டையே போட்டேன்.

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் இதற்குத் தெளிவான வரிசை வைத்திருக்கிறது. இறந்தவர் விட்டுச்சென்றதிலிருந்து முதலில் ஈமச் செலவு. அடுத்ததாக, 321-ஆம் பிரிவின்படி, புரோபேட் வாங்கும் செலவும் சொத்து நிர்வாகத்துக்குத் தேவையான நீதிமன்றச் செலவும். வேலையாட்களின் கூலி பாக்கியும் மற்றக் கடன்களும் அதற்குப் பின்னால்தான். உயிலில் பெயர் உள்ளவர்களின் முறை கடைசியில் வருகிறது. ஆகவே இந்தச் செலவு அப்பாவின் சொத்தைச் சேர்ந்தது. என் ஓட்டு இந்த வழிக்கே.

நடைமுறையில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. புரோபேட் கைக்கு வருமுன் சொத்தில் கை வைக்க முடியாது. செலவோ முதல் நாளே வந்து நிற்கும். அண்ணன் தன் பணத்தைப் போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், சட்டம் அனுமதிக்கிறது. எங்களுக்கு இன்னொரு வழி கிடைத்தது: அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கு அம்மா நாமினி. நாமினி பணத்தைப் பெறலாமே தவிர, அது அவருக்கே சொந்தமாகிவிடாது. உரியவர்களுக்காக வைத்திருக்கும் பணம் அது. அதனால் செலவுக்கு எடுப்பதற்கு முன் நால்வரும் ஒரு தாளில் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டோம்.

ஒரு வக்கீல், "இப்போது ஒன்றும் வேண்டாம், வீட்டை விற்றதும் பத்தில் ஒரு பங்கு கொடுங்கள்" என்றார். கையில் பணமில்லாத நேரத்தில் ஆசை காட்டும் பேச்சு. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. எழுந்து வந்துவிட்டோம்.

உண்மையிலேயே வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்குச் சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லை.

ரசீதுகளை மளிகைக் கடையில் குத்தி வைப்பதுபோல ஒரு கம்பியில் குத்திவந்தார் அம்மா. புரோபேட் வந்த வாரம் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வாசித்தார், அண்ணன் எழுதினார். குமாஸ்தாவுக்கு ரசீதில்லாமல் கொடுத்த நாலாயிரத்தை மட்டும் அண்ணன் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டார். அக்காவின் பத்துப் பவுன் குறையாமல் அவர் கைக்குப் போயிற்று.