எஸ்டீமில் வேறு ஈசியூ: எல்லா சென்சாரும் சரி, காற்றுச்சூட்டு சென்சார்தான் பாடாய்ப் படுத்துகிறது

தெரிந்த தம்பி ஒருவர் தன் மாருதி எஸ்டீம் காரில், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவை மாற்றி, ஸ்பீடுயினோ என்ற வேறு ஈசியூ போடப் போகிறார். "அண்ணா, எந்த சென்சாருக்குங்க காசு போடலாம்?" என்று கேட்டார். என் எஸ்டீமில் சில வருடங்களாக அதுதான் ஓடுகிறது. 1298 சிசி, 16 வால்வு, டர்போ கிடையாது. போர்டைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரியும், அதனால் நேராக சென்சாருக்கு வருகிறேன்.

இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாருக்கு, காந்தப்புல மாற்றத்தை உணரும் ஹால் வகையே போதும். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட விஆர் வகை தானாகவே மின்னழுத்தம் உண்டாக்கும், ஆனால் செல்ஃப் அடிக்கும் மெதுவான சுற்றில் அது மிகவும் குறைவாக இருக்கும். அதோடு இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தால் டைமிங் கெடும். ஹால் சென்சார் மெதுவான சுற்றிலும் தெளிவான சிக்னல் தரும். என் புல்லியில் 36-1 பல்சக்கரம் (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று மட்டும் இல்லாதது) இருக்கிறது, இதுவரை ஒரு பல்லைக்கூட ஈசியூ தவறவிட்டதில்லை. த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் பழையதே போதும்.

இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். டர்போ இல்லாத வண்டிக்கு 250 கிலோபாஸ்கல் வரை அளப்பது தேவையில்லை, அதில் பாதிக்கு மேல் சும்மா கிடக்கும். 115 வரை அளக்கும் 4115 வகை போதும், அளவும் நுணுக்கமாக வரும். 1000 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் 10 கிலோபாஸ்கலுக்கு மேல் குறையும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறை போகும்போது பெட்ரோல் அளவு அதற்கேற்ப மாறிக்கொண்டே வந்தது. ஒரு இடத்திலும் வண்டி திணறவில்லை. இதை மனதாரப் பாராட்டுகிறேன்.

புகையில் உள்ள ஆக்சிஜனை வைத்துப் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் வாங்கினால் பாஷ் எல்எஸ்யு 4.9 வாங்குங்கள். சைலன்சர் பைப்பில் அதைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். இன்ஜின் ஓடாதபோது அதன் ஹீட்டருக்கு மின்சாரம் போகக் கூடாது. பைப்பில் தேங்கிய நீர்த்துளி சூடான செராமிக்கில் பட்டால் விரிசல் விடும்.

இனி, யாரும் கவலைப்படாத, இருப்பதிலேயே விலை குறைந்த அந்த சென்சாருக்கு வருகிறேன். உள்ளே போகும் காற்றின் சூட்டை அளப்பது. எனக்கு வேலை செய்து கொடுத்த கடையில் கூலண்டுக்குப் போடும் அதே பித்தளை மூடி வகையை எடுத்து, அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டில் ஓட்டை போட்டு முறுக்கிவிட்டார்கள். கேட்டதற்கு "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் போடுறோம்" என்றார்கள்.

இந்த ஈசியூ காற்றை நேரடியாக அளப்பதில்லை. அழுத்தத்தையும் சூட்டையும் வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று கணக்குப் போடுகிறது. காற்று சூடானால் அடர்த்தி குறையும், அதற்கேற்பப் பெட்ரோலையும் குறைக்கும். சரி, கணக்கில் தப்பில்லை. ஆனால் வெயிலில் ஓட்டி வந்து, டீ குடிக்க நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதற்குள் இன்ஜின் சூடு மேனிஃபோல்டில் ஏறியிருக்கும், பித்தளை அதை அப்படியே வாங்கியிருக்கும். காற்று 45 டிகிரி, சென்சார் 75 என்கிறது. ஈசியூ அதை நம்பி ஏறத்தாழ 9 சதவீதம் பெட்ரோலைக் குறைக்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று (எடையில்) என்று நிற்க வேண்டிய கலவை 16-ஐத் தாண்டுகிறது. ஏசி போட்டால் ஐடிலிங் ஆடி, சிக்னலில் வண்டி அணைந்துவிடும். கொஞ்ச தூரம் ஓடினால் எதுவுமே நடக்காத மாதிரி சரியாகிவிடும். அதனால்தான் கடையில் காட்டும்போது குறையே தெரியாது. எத்தனை தடவை பின்னாலிருந்து ஹாரன் வாங்கியிருக்கிறேன்!

கடைக்காரர் சொன்ன வைத்தியம், சூட்டுத் திருத்த அட்டவணையில் 60 டிகிரிக்கு மேல் திருத்தத்தைக் குறைத்துவிடுவது. சூடானது சென்சாரா, காற்றா என்று அட்டவணைக்குத் தெரியாது. உண்மையிலேயே காற்று கொதிக்கும்போது பெட்ரோல் அதிகமாகப் போய்ப் புகை நாற்றம் அடிக்கும். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஐடிலிங்கில் காற்று மெதுவாகப் போவதால் மேனிஃபோல்டுக்குள் அதுவும் கொஞ்சம் சூடாகத்தான் செய்யும். உண்மையான சூடு 45-க்கும் 75-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. எங்கே வைத்தாலும் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது.

இப்போது பிளாஸ்டிக் கூண்டுக்குள் சூட்டை உணரும் சிறு மணி வெளியே தெரியும் ஓப்பன் எலிமென்ட் வகை வாங்கி, ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸில் போட்டிருக்கிறேன். ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) வகையே கிடைத்தது. மின்தடை 30 டிகிரியில் 2200 ஓம் சொச்சம், 99 டிகிரியில் 177 ஓம் என்று பழைய கணக்கே இதற்கும் பொருந்துவதால் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே அளவு இறங்கிவிடுகிறது. முக்கால்வாசித் தொல்லை போயிற்று. மீதி கால்வாசி, சித்திரை மாதம் கோவை காந்திபுரம் நெரிசலில் பானெட்டுக்குள் சூடு கூடும்போது இன்னும் வருகிறது. போன வாரமும் வந்தது.

அதனால் தம்பி, இவ்வளவு புகழ்ந்த பிறகும் சொல்கிறேன்: கம்பெனி ஈசியூ ஒழுங்காக ஓடுகிறதென்றால் கழற்றாதீர்கள். தினமும் ஆபீஸ் போகும் வண்டிக்கு இது வேண்டாம். இல்லை, போட்டே தீருவேன் என்றால் முதலில் ஓப்பன் எலிமென்ட் சென்சாரை வாங்கி, ரப்பர் ஹோஸில் அதற்கு இடம் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். டியூன் செய்யும் வரைக்கும் வைட்பேண்டை என்னிடம் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.