கூத்து ராத்திரிக்கு ஆர்6 மார்க் 2

கேனான் ஈஓஎஸ் ஆர்6 மார்க் 2 கேமரா 2022 நவம்பரில் வந்தது. எங்கள் வீட்டில் அதை வாங்கியவன் சித்தப்பா மகன். அதிகம் தூக்கிக்கொண்டு திரிவது நான். திருவிழா, பிள்ளைகள், ஊர்சுற்றல் என்று ஆசைக்குப் படம் எடுப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய கேமரா வேண்டுமா? ராத்திரியில் எடுப்பவர் என்றால் வேண்டும். பகலில் மட்டும் என்றால் வேண்டாம்.

பென்னாகரம் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். துரியோதனன் வேஷக்காரர் கிரீடமும் புஜகீர்த்தியுமாகக் கிறுகிறுவென்று சுற்றி வருவார். என் செல்போனில் எடுத்தால் ஆளே கலைந்துபோவார். அரிதாரமும் வழித்துவிட்ட மாதிரி இருக்கும். இந்தக் கேமராவில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, 6400-க்கு ஏற்றி, ஷட்டர் வேகத்தை நொடியில் 1/500 பங்கு என்று வைத்தேன். நெற்றிப் பொட்டின் ஓரம், வேர்வை வழிந்த தடம் எல்லாம் அப்படியே வந்தது. அவர் திரும்பும்போதெல்லாம் ஃபோகஸ் கண்ணைத் தேடிப்போய்ப் பிடிக்கிறது. இதற்காகவே இதை மெச்சுகிறேன். ஒன்று கவனியுங்கள்: எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 40 படம் என்கிறார்கள், ஆனால் எல்இடி விளக்கடியில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். அதில் 12தான், கூத்துக்கு அது தாராளம்.

ஒகேனக்கல் வேறு கதை. கருத்த பாறை, வெளுத்த அருவி இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) நிச்சயம் உதவும். ஆனால் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்யப் பொறுமை வேண்டும். அது இல்லாதவருக்கு உச்சி வெயிலில் செல்போனே போதும். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, 670 கிராம்; 24-105 எஃப்4 ஜூம் லென்ஸ் 700 கிராம். பரிசலில் இத்தனையையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சாரல் பட்ட கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தால் அருவியை எப்போது பார்ப்பது?

கையில் கொஞ்சம்தான் பணம் என்றால் கேனானின் சின்னக் கேமரா ஆர்50 வாங்குங்கள். 375 கிராம்தான், ஆர்6 மார்க் 2-இல் உள்ள அதே 24.2 மெகாபிக்சல்தான் இதிலும். சென்சார் சிறியது என்பதால் இருட்டில் புள்ளி கூடுதலாகத் தெரியும். பாடிக்குள் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனும் கிடையாது; ஆனால் ஆடுகிற ஆளை உறைய வைக்க அது எப்படியும் உதவாது, ஷட்டர் வேகம்தான் உதவும். கூடவே 160 கிராம் எடையுள்ள, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 50 எம்எம் எஃப்1.8 லென்ஸை மறக்காமல் வாங்குங்கள். கூத்து முகங்களுக்கு அது அருமை. கூலிக்குக் கல்யாணம் எடுக்கப் போகிறவர் மட்டும் ஆர்6 பக்கமே போகட்டும். அதில் இரண்டு கார்டு போடலாம், ஆர்50-இல் ஒன்றுதான்.