பில்லிங் பெட்டிக்கு ஒட்டுப் போட்ட கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டியில் எங்கள் பில்லிங் கம்ப்யூட்டர் ஓடியது 2014-இல் போட்ட உபுண்டு இயங்குதளத்தில். அதற்கப்புறம் ஒரு அப்டேட்கூடக் கிடையாது. ஐந்து ரோடு பக்கம் சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனது ஃபேன் சத்தத்துக்காகத்தான். சர்வீஸ் பையன் திரையில் 3.13 என்ற கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எண்ணைப் பார்த்ததும், "அண்ணா, டர்ட்டி கௌ ஓட்டை அடைக்கவே இல்லைங்களே!" என்றான். அது கர்னலில் இருந்த பாதுகாப்புப் பிழை: நினைவகத்தின் ஒரு துண்டை நகலெடுக்கும் நொடியில் இரண்டு வேலைகள் முட்டிக்கொள்ள, படிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் சாதாரணப் பயனர்கூட எழுதிவிடலாமாம். 2007-இலிருந்தே இருந்த பிழை, 2016 அக்டோபரில்தான் அடைத்தார்கள். எங்கள் கல்லாப்பெட்டி எங்கள் மண்டிப் பையன் கையில் என்று புரிந்தது! சர்வீஸ் பையன் புது உபுண்டு போட்டு, பழைய பில் எதுவும் தொலையாமல் தந்தான். ரூ.800. நியாயம்தான். ஆனால் "நாளைக்கு" என்றது நான்கு நாள் ஆனது. ஃபேன் இன்னும் கத்துகிறது.